கையும் வெப்பமானியும்

குழந்தைகள் உள்ள வீட்டில் காய்ச்சல் எட்டிப் பாராத ஆண்டு இராது. ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு மூலையில் சுருண்டு படுக்கும். உண்ண அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் கண்கள் சோர்ந்து காணப்படும். அதனைக் கண்ட தாய் முதற்கண் செய்வது யாது? தன் புறங்கையை அதன் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். பின்னர்க் கழுத்தைத் தொடுவாள். வயிற்றையும் தொட்டுப் பார்ப்பாள். "உடம்பு சுடுகிறதே!" என்பாள். கருவி ஏதும் இல்லாத காலத்தில் மாந்தர்க்குக் கையே கருவியாக இருந்தது. கருவிகள் மலிந்த இக்காலத்தும் கைதான் முதலில் செல்கிறது.

காய்ச்சல் என்னும் சொல் வெப்பத்தினின்று பிறந்தது. காய்தல் என்பதற்குச் சுடுதல், உலர்தல் என்பன பொருள். வெயில் காய்கிறது என்றும், நெருப்பருகே அமர்ந்து குளிர்காய்கிறான் என்றும் வழங்குகிறோம் அன்றோ? காய்ச்சலைச் சுரம் என்றும் கூறுவர். இது ஜ்வரம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பழந்தமிழ் நூல்களில் பயிலும் சுரம் வேறு. அது பாலை நிலத்து வழியைக் குறிப்பது. நீரும் நிழலும் அற்று வெந்து கிடக்கும் வழியின் பெயரும் நோயின் பெயரும் ஒன்றானது தற்செயலே. ஆயினும், காய்ச்சலால் நா உலர்ந்து கிடக்கும் குழந்தையைக் கண்டோர்க்கு அவ்வொற்றுமை பொருத்தமாகவே தோன்றும்.

கை அன்புடையது, ஆனால் அளக்க வல்லதன்று. இதனை எளிதில் சோதித்து அறியலாம். மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒன்றில் குளிர்ந்த நீரும், ஒன்றில் பொறுக்கத்தக்க வெந்நீரும், நடுக் கிண்ணத்தில் இரண்டும் கலந்த நீரும் ஊற்றுக. ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மற்றொன்றை வெந்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் ஒருங்கே நடுக் கிண்ணத்தில் இடுக. ஒரு கை, "இந்நீர் சுடுகிறது" என்னும். மற்றொரு கை, "இந்நீர் குளிர்கிறது" என்னும். நீர் ஒன்றே, உடலும் ஒன்றே, தீர்ப்போ இரண்டு! கை பொருளின் வெப்பத்தை அறிவதில்லை. தன் வெப்பத்தோடு அதனை ஒப்பிட்டு வேற்றுமையை மட்டுமே அறிகிறது.

ஐப்பசித் திங்களில் ஒரு மாலை. அடைமழை விடாது பெய்துகொண்டிருந்தது. ஓர் உழவர் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை பாயில் படுத்திருந்தது. வயலினின்று நனைந்து வந்த தந்தை குழந்தையின் நெற்றியைத் தொட்டார், "அனலாய்க் கொதிக்கிறதே!" என்று திடுக்கிட்டார். அதுவரை அடுப்பருகே இருந்த தாய் வந்து தொட்டாள். "அப்படி ஒன்றும் சூடு தெரியவில்லையே" என்றாள். பாட்டியோ குழந்தையின் உள்ளங்காலைத் தடவிப் பார்த்து, "கால் பனிக்கட்டிபோல் இருக்கிறது. இது குளிர் கண்டது; கம்பளியை எடுத்து நன்றாக மூடுங்கள்" என்றாள். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மூத்த மகள், பெட்டியிலிருந்த வெப்பமானியை எடுத்துத் தம்பியின் அக்குளில் வைத்துப் பார்த்தாள். அது 101.8 என்று காட்டிற்று. "பாட்டி, கம்பளி வேண்டாம், காய்ச்சல்தான் அடிக்கிறது" என்று மெல்லச் சொன்னாள். மூவருள் எவரும் பொய் கூறவில்லை. மழையில் நனைந்த கைக்குக் குழந்தையின் உடல் அனலாயிற்று. அடுப்பில் காய்ந்த கைக்கு அது வாளா இருந்தது. பாட்டி தொட்ட கால் மெய்யாகவே குளிர்ந்துதான் இருந்தது.

காய்ச்சலுள்ள குழந்தையின் கால் குளிர்வது எவ்வாறு? நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறிய உறுப்பு ஒன்று உளது. உடலின் வெப்பம் இவ்வளவு இருத்தல் வேண்டும் என வரையறுத்துக் காப்பது அதுவே. நோய்க்கிருமிகள் உடலிற் புகுந்தவிடத்து, அவற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சில பொருள்களைக் குருதியில் விடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளை அவ்வரையறையை உயர்த்திவிடுகிறது. உடனே உடல் வெப்பத்தைச் சேமிக்க முற்படுகிறது. கைகால்களின் தோலிலுள்ள குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. வெப்பம் வெளியே போகாமல் உள்ளே தேங்குகிறது. தசைகள் நடுங்கி மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. ஆதலின் காய்ச்சல் ஏறும்போது கைகால் குளிர்கின்றன, குழந்தை நடுங்குகிறது, போர்வை கேட்கிறது. காய்ச்சல் இறங்கும்போது நேர்மாறாக வியர்வை பெருகுகிறது. வெப்பம் மிகுந்து ஏறும் வேளையில்தான் கை மிகவும் ஏமாறுகிறது. அப்போது கனத்த கம்பளியால் இறுக மூடினால் வெப்பம் போக வழியின்றிப் போகும்.

உடலின் வெப்பத்தை அளக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டின் பதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராயிருந்த சாந்தோரியோ என்பவர், கண்ணாடிக் குழாய் ஒன்றில் காற்றையும் நீரையும் அமைத்து, நோயாளர் வாயில் அதன் குமிழை வைத்துப் பார்த்தார். 1714ஆம் ஆண்டில் பாரன்ஹீட் என்பார் பாதரசத்தைக் கொண்டு செம்மையான வெப்பமானியைச் செய்தார். சுவீடன் நாட்டு வானநூலறிஞர் செல்சியஸ் 1742இல் நூறு பாகை கொண்ட அளவுமுறையை வகுத்தார். வியப்பு யாதெனில், அவர் நீர் கொதிக்கும் நிலையைச் சுழியம் என்றும், உறையும் நிலையை நூறு என்றும் வைத்திருந்தார். பிற்காலத்தார் அதனைத் தலைகீழாக மாற்றினர். இத்துணைக் கருவிகள் தோன்றியும், நோயாளரின் படுக்கையருகே அவை நெடுங்காலம் செல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலும் மருத்துவ வெப்பமானி ஏறத்தாழ ஓரடி நீளம் இருந்தது. வெப்பத்தைக் காட்டக் கால்மணி நேரத்திற்கு மேலும் ஆயிற்று. நோயுற்ற குழந்தை அதுவரை அசையாது கிடக்குமா?

இந்நிலையை மாற்றியவர் இருவர். ஜெர்மனியில் லைப்சிக் நகர மருத்துவமனையில் பணியாற்றிய வுண்டர்லிக் என்பார் ஏறத்தாழ 25,000 நோயாளரின் அக்குள் வெப்பத்தை நாள்தோறும் அளந்து குறித்துவந்து, 1868ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காய்ச்சல் தனி நோயன்று, நோயின் அறிகுறியே என்பதும், ஒவ்வொரு நோயிலும் வெப்பம் ஏறி இறங்கும் முறை வேறு வேறு என்பதும் அக்குறிப்புகளால் விளங்கின. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆல்பட் என்னும் மருத்துவர் ஆறு அங்குல நீளமுள்ள வெப்பமானியை அமைத்தார். அஃது ஐந்து நிமிடங்களில் வெப்பத்தைக் காட்டிற்று, சட்டைப்பைக்குள் அடங்கிற்று. மருத்துவர் கையில் அடங்கிய கருவி நாளடைவில் வீட்டுக்குள்ளும் புகுந்தது. நம் நாட்டு மக்கள் அதனைத் தெர்மாமீட்டர் என்றே அழைத்துப் பழகினர்.

பாதரச வெப்பமானியின் குமிழுக்குச் சற்று மேலே குழாய் மிகக் குறுகி இருக்கும். வெப்பத்தால் விரிந்த பாதரசம் அக்குறுகலைக் கடந்து மேலேறும். கருவியை வெளியே எடுத்தபின் தானாகக் கீழிறங்க அதனால் இயலாது. ஆதலின் நிதானமாகப் பார்த்து அளவை அறியலாம். மீண்டும் பயன்படுத்துமுன் உதறி இறக்குவர். நுட்பமான அமைப்புத்தான்! எனினும் பாதரசம் நஞ்சு. அதன் ஆவியும் நஞ்சு. ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில், ஆலைக்கழிவிற் கலந்த பாதரசம் கடல்மீன் வழியாக மக்கள் உடலிற் புகுந்து விளைத்த கொடிய நோய் 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பாதரச வெப்பமானிகளைச் செய்தலும் வாணிகம் செய்தலும் 2020ஆம் ஆண்டோடு நிறுத்தப்படல் வேண்டும் என அது வரையறுத்தது. பழைய வெப்பமானி வீட்டிலிருந்து உடைந்துவிட்டால், குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறத்தல் வேண்டும். துடைப்பத்தால் பெருக்குதல் ஆகாது, துளிகள் சிதறும். கெட்டித்தாளால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் இட்டு மூடி, அதனைப் பெறுவதற்குரிய இடத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். சாக்கடையில் விடுதலும் தகாது.

இன்று வீடுகளில் வழங்குவது மின்கலத்தால் இயங்கும் எண்ணியல் வெப்பமானி. அதன் நுனியில் சிறு மின்தடைப் பொருள் ஒன்று உளது. வெப்பம் ஏற ஏற அதன் தடை குறையும். அம்மாற்றத்தைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டும். அளவு நிலைபெற்றதும் ஒலியெழுப்பும். நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் கருவியும் உண்டு. 2020இல் பரவிய கொரோனாப் பெருந்தொற்றின்போது அதனை வாயில்தோறும் கண்டோம். தோலினின்று வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை அளந்து அது வெப்பத்தைக் கூறுகிறது. தொடாமலும் விரைவாகவும் பார்க்கலாம் என்பது அதன் சிறப்பு. வெயிலில் வந்த நெற்றி, வியர்த்த நெற்றி, மின்விசிறியின் கீழிருந்த நெற்றி ஆகியவற்றில் அது பிழைபடலாம். அஃது ஐயமாயின், மற்றதனால் ஒருமுறை பார்த்தல் நன்று.

கருவி செம்மையாயிருந்தும் வைக்கும் முறை பிழையானால் எண்ணும் பிழையாகும். அக்குளில் பார்க்கும்போது முதலில் வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நுனி அக்குளின் நடுவில், சட்டைத்துணி இடையே சிக்காமல், தோலோடு பொருந்தியிருத்தல் வேண்டும். பின்னர்க் குழந்தையின் கையை மார்போடு அணைத்துப் பிடித்து, ஒலி எழும்வரை காத்திருத்தல் வேண்டும். மடியில் அமர்த்திக் கதை சொல்லிக்கொண்டிருந்தால் குழந்தை அசையாது. இதில் பாட்டிமாரை வெல்வார் இலர். ஐந்து வயதுக்கு மேற்பட்டு, சொன்னபடி கேட்கும் குழந்தைக்கு நாவின் அடியிலும் வைத்துப் பார்க்கலாம். வாயை மூடி மூக்கால் மூச்சுவிடச் செய்தல் வேண்டும். சூடான பாலோ குளிர்ந்த நீரோ பருகியிருந்தால் அரைமணி நேரம் கழித்தே பார்த்தல் வேண்டும். குளிப்பாட்டிய உடனும், ஓடி விளையாடி வந்த உடனும், கனமாகப் போர்த்தியிருந்த உடனும் பார்த்தால் உண்மை புலப்படாது.

அக்குளில் காணும் வெப்பம் உடலின் உள்வெப்பத்தினும் சற்றுக் குறைந்தே இருக்கும். இதற்காகச் சிலர் ஒரு பாகையைத் தாமே கூட்டி மருத்துவரிடம் சொல்வர். மருத்துவரும் கூட்டிக்கொண்டால் இல்லாத காய்ச்சலும் உண்டாகிவிடும்! கண்ட எண்ணை மாற்றாது, "அக்குளில் பார்த்தது" எனச் சேர்த்துரைத்தலே முறை. எண்ணியல் வெப்பமானிகள் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் அளவுமுறை மாறிவிடும். பாரன்ஹீட்டில் 102.2 என்பதும் செல்சியஸில் 39 என்பதும் ஒன்றே. அறியாதார், "முப்பத்தொன்பதுதானே" என்று ஆறுதல் கொள்ளக்கூடும். பாரன்ஹீட் எண்ணிலிருந்து 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும். பள்ளியிற் கற்ற இக்கணக்கு நள்ளிரவில் வீட்டாருக்குப் பயன்படும்.

நலமுள்ளோர் உடல்வெப்பம் 98.6 பாகை பாரன்ஹீட், அதாவது 37 பாகை செல்சியஸ் என்பது வுண்டர்லிக் காலந்தொட்டு வழங்கும் எண். அதனைக் கல்லில் பொறித்த எல்லையாகக் கருதுதல் கூடாது. விடியற்காலையில் வெப்பம் குறைந்தும் மாலையில் மிகுந்தும் இருப்பது உடலின் இயல்பு. மாலை விளையாட்டுக்குப்பின் 99 கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பொதுவாக 100.4 பாகையும் அதற்கு மேலும் காய்ச்சல் எனக் கொள்வர். மூன்று மாதம் நிரம்பாத பச்சிளங்குழந்தைக்கு அவ்வளவு வெப்பம் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். அத்தகைய சிசுவின் உடல் 97.7 பாகைக்குக் கீழே குளிர்ந்து போவதும் தீங்கே. கொடிய தொற்றுக்கும் அஃது அறிகுறியாகலாம். காய்ச்சல் என்றால் சூடு மட்டுமே என எண்ணுவோர் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

மருத்துவரிடம் சென்றதும் அவர் வினவுவது, "எப்போது தொடங்கிற்று? எவ்வளவு இருந்தது?" என்பதாம். "இரவெல்லாம் நெருப்பாய்க் கொதித்தது" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். நெருப்பாய்க் கொதித்தது என்பதை அவர் என்னென்று கொள்வார்? முற்கூறிய வீட்டில் அம்மகள் தன் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் நாள், மணி, எண், அளந்த இடம், கொடுத்த மருந்து ஆகியவற்றை வரிசையாக எழுதிவந்தாள். முதல் நாள் மாலை 6 மணிக்கு 101.8, இரவு 10 மணிக்கு 102.4, மருந்து கொடுக்கப்பட்டது, நள்ளிரவில் 100.2, விடியற்காலை 5 மணிக்கு 101.6. மருந்து கொடுக்குமுன் அளந்து எழுதியமையால் மருந்தின் பயனும் தெரிந்தது. நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறும் வெப்பம் ஒரு நோயை நினைப்பூட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும் வெப்பம் மலேரியாவை நினைப்பூட்டும். குருதிச் சோதனையே முடிவு கூறும் எனினும், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதற்கு இத்தாள் துணைசெய்யும். லைப்சிக் மருத்துவர் செய்ததும் இதனை ஒத்ததே. அவர் இருபத்தையாயிரவர்க்கு எழுதினார், இவள் ஒரு தம்பிக்கு எழுதினாள்.

இனி, எண்ணை அறிந்தோர் எண்ணுக்கு அடிமையாதலும் உண்டு. 103 பாகை காய்ச்சலிலும் சிரித்து நீர் பருகும் குழந்தையும் உண்டு. 100 பாகையில் கண் திறவாது கிடக்கும் குழந்தையும் உண்டு. முன்னதினும் பின்னதற்கே விரைந்து உதவி வேண்டும். மூச்சுத் திணறல், நீரும் பாலும் கொள்ளாமை, ஓயாத வாந்தி, நெடுநேரம் சிறுநீர் கழியாமை, கழுத்து விறைப்பு, எழுப்பினும் எழாத மயக்கம், தோலில் சிவந்த புள்ளிகள் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வெப்பமானியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

எல்லாவற்றினும் மயக்குவது டெங்குக் காய்ச்சல். மழைக்காலத்தில் நம் ஊர்களில் ஏடிஸ் கொசுவால் பரவும் இந்நோயில் மூன்று முதல் ஏழு நாளுக்குள் வெப்பம் இறங்கிவிடும். வெப்பமானி 98 என்று காட்டும், வீட்டார் மகிழ்வர், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பவும் எண்ணுவர். குருதியின் நீர்ப்பகுதி குழாய்களினின்று கசியத் தொடங்கும் காலமும் அதுவே. வெப்பம் தணிந்த பின்னும் வயிற்றுவலி, வாந்தி, ஈறில் குருதி, கறுத்த மலம், குளிர்ந்து பிசுபிசுக்கும் கைகால், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றுமாயின், அது நோய் தீர்ந்ததன் அடையாளம் அன்று. நோய் முற்றியதன் அடையாளம். கருவி பொய் கூறவில்லை. கேளாத கேள்விக்கு அது விடை கூறாது.

காய்ச்சலுள்ள குழந்தைக்கு மெல்லிய ஆடையும், காற்றோட்டமுள்ள இடமும், அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்கும் கஞ்சி, இளநீர், பால் முதலியனவும் போதுமானவை. பட்டினி போடுதல் பழைய வழக்கம். வளரும் குழந்தைக்கு அது தகாது. குளிர்ந்த நீரில் முக்குதலும் தகாது; நடுக்கம் கண்டு உள்வெப்பம் ஏறும். பாராசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் கூறிய அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரை குழந்தைகளுக்கு ஆகாது. டெங்குவில் அது குருதிப்போக்கையும் மிகுவிக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் சிலர்க்குக் காய்ச்சலில் வலிப்பு வருவதுண்டு. கையில் இரும்புச் சாவியைத் திணித்தலும், வாயில் கரண்டியைச் செலுத்துதலும் பயனற்றவை. பின்னது பல்லை உடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவ உதவியை நாடல் வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்குமாயின் 108 என்னும் எண்ணுக்கு அழைத்து ஊர்தி வரவழைத்தல் வேண்டும்.

பயன்படுத்திய வெப்பமானியின் நுனியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து அதன் உறையில் இடல் வேண்டும். கொதிநீரில் இட்டால் கருவி கெடும். ஆண்டுக்கொரு முறையேனும் மின்கலம் நலமாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ளல் நன்று. தன் நெற்றியைத் தொட்டு ஐயுற்ற எவரும் அதனைத் தாமே வைத்துப் பார்த்துச் சோதிக்கலாம். வைக்கும் இடம் சிறுவர் கைக்கு எட்டாததாகவும், நள்ளிரவில் மின்சாரம் இல்லாதபோதும் தாயின் கை தேடாமல் எடுக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். அதனருகே ஒரு பென்சிலும் சிறு தாளும் இருக்கட்டும்.